பழைய டிராக்டர் இன்ஜின்: போர் செய்வதா, மாற்றுவதா? அறிகுறியை வைத்து முடிவெடுக்கும் வழி

சிங்கப்பூரில் லிம் சூ காங் பக்கம் ஒரு காய்கறிப் பண்ணையில் ஒரு மாஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் நிற்கிறது. பல வருடமாக அதற்கு நான்தான் வைத்தியம். ஒரு நாள் காலை, அதை ஓட்டுகிற பட்டுக்கோட்டைத் தம்பி போன் செய்தார். "அண்ணே, வண்டி நீலமா புகையுது, ஆயிலும் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. முதலாளி வேற இன்ஜின் பார்த்து வச்சிருக்காரு. நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார்.

இதே கேள்வி ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வேறு மாதிரி வரும். ஊரில் அப்பா ஓட்டும் டிராக்டரை வீடியோ எடுத்து அனுப்பியிருப்பார்கள். ஊர் மெக்கானிக் "ஃபுல் போர் போகணும், பணம் அனுப்பச் சொல்லுங்க" என்று சொல்லியிருப்பார். அனுப்பலாமா வேண்டாமா என்று கேட்பார்கள். இன்ஜினைப் பிரித்து, பிஸ்டன் ஓடும் துளையையும் தேய்ந்த சாமான்களையும் புதுப்பிக்கும் வேலையைத்தான் போர் என்கிறோம்.

இரண்டு பேருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். புகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பழைய இன்ஜினை வைத்துக்கொள்வதா தூக்கிப் போடுவதா என்பதைச் சொல்லக்கூடியவை பிளாக்கும் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடல்) கிராங்க்கும் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). மற்ற எல்லாமே கழற்றி மாட்டக்கூடிய சாமான். ஆனால் அந்த இரண்டையும் பார்க்க இன்ஜினைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன்னால் செலவில்லாத சோதனைகள் பல இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் செய்தால் பாதி வண்டிகளைத் திறக்கவே வேண்டியிருக்காது.

கையில் இருக்க வேண்டியவை: ஆயில் பிரஷர் பார்க்கத் தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ், டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ், ஃபீலர் கேஜ், நல்ல டார்ச். பெட்ரோல் கார் கம்ப்ரஷன் கேஜை இதில் மாட்ட வேண்டாம், டீசல் அழுத்தத்துக்கு அது தாங்காது.

நீலப்புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது

இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப்புகை, அப்புறம் தெளிவு என்றால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு சீல் போயிருக்கலாம். ராத்திரி முழுக்க ஆயில் மெதுவாகக் கீழே கசிந்து காலையில் எரிகிறது. வெகுநேரம் ஐடிலில் நிறுத்திவிட்டு ஆக்சிலேட்டர் கொடுத்ததும் நீலமாக வந்தாலும் அதே கதைதான். இது ஹெட் (இன்ஜினின் மேல்மூடி) வேலையோடு முடியும், போருக்குப் போக வேண்டியதில்லை. வண்டி சூடாகி, ரோட்டவேட்டரோ கலப்பையோ இழுக்கும்போது விடாமல் நீலமாக வந்தால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), லைனர் (பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் உறை) பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும்.

அதற்கும் முன்னால் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். 135 போன்ற பழைய வண்டிகளில் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். அதில் கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வரைதான் ஆயில். அக்கறையாகப் பார்க்கிறேன் என்று கழுத்து வரை ஊற்றிவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கும். லிம் சூ காங் வண்டியில் கிண்ணம் விளிம்பு வரை நிரம்பியிருந்தது. கோட்டுக்குக் குறைத்தோம். புகை பாதியாகக் குறைந்தது. முழுதாக நிற்கவில்லை.

அடுத்தது மூடிச் சோதனை. இன்ஜினைச் சூடாக்கி ஐடிலில் விடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, தலைகீழாக அதே வாயின் மேல் சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை, வயதான இன்ஜின் மூச்சுவிடத்தான் செய்யும். மூடி குதித்துக் குதித்துக் கீழே விழுந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இன்ஜின் மூச்சுவிடும் பிரீத்தர் குழாய் வாயில் ஒரு வெள்ளைத் துணியைக் காட்டுங்கள், ஆயில் துளி துளியாகத் தெறிக்கிறதா என்று தெரியும். பிரீத்தர் அடைத்திருந்தாலும் மூடி குதிக்கும் என்பதால் முதலில் பிரீத்தரைச் சுத்தம் செய்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்வதுதான் சரி. ஊரில் இருப்பவர்களையும் இதைச் செய்யச் சொல்லி வீடியோவில் பார்க்கலாம்.

மூடி குதித்தால் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். டீசல் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் மாட்டி, டீசலை நிறுத்திவிட்டு, நல்ல பேட்டரியில் சுற்றுங்கள். வெறும் எண்ணை விட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாழ்ந்திருந்தால் அதில் ஏதோ இருக்கிறது. நம் 135-இல் ஒன்றும் மூன்றும் 340-ஐ ஒட்டி நின்றன, இரண்டாவது 260-ஐத் தாண்டவில்லை.

தாழ்ந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி எடுப்பது வழக்கம். அளவு உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். இங்கே ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் இன்ஜின் பழக்கத்தில் தாராளமாக ஊற்றிவிடாதீர்கள். 135-இல் இருக்கும் பெர்கின்ஸ் ஏ.டி.3.152 இன்ஜின் சுமார் 2,500 சி.சி., மூன்று சிலிண்டர், கம்ப்ரஷன் விகிதம் 18.5. கணக்குப் போட்டால் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்கு 50 சி.சி.க்கும் குறைவு. அதில் 25 மில்லி ஆயில் ஊற்றினால் இடம் பாதியாகிவிடும். கேஜ் காட்டும் எண் பொய்யாக ஏறும். இன்னும் அதிகம் போனால் பிஸ்டன் ஆயிலை அழுத்த முடியாமல் கன்ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) வளையும். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, போதும். நாங்கள் அவ்வளவுதான் விட்டோம், இரண்டாவது சிலிண்டர் 330-க்கு வந்துவிட்டது. ரிங் என்று உறுதியானது.

ஆயில் அளவு கூடுகிறது

குறைவதைக் கண்டு பயப்படுகிறவர்கள் கூடுவதைக் கவனிப்பதில்லை. ஆனால் இதுதான் அபாயம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். தண்ணீராக ஓடி டீசல் வாடை அடித்தால் டீசல் சம்ப்புக்குள் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. வண்டியை ஓட்ட வேண்டாம். ஆயில் மட்டம் மிகவும் ஏறினால் இன்ஜின் அதையே எரித்துக்கொண்டு, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடும். பேரிங்குகளும் மெல்லிய ஆயிலில் தேயும்.

காரணம் பெரும்பாலும் சின்னது. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஃபீட் பம்ப்பின் உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் இருக்கும், அது கிழிந்தால் டீசல் நேராகச் சம்ப்புக்குப் போகும். அது நன்றாக இருந்தால் டீசல் பம்ப்பின் ஷாஃப்ட் சீல், அதுவும் இல்லையென்றால் ஒழுகும் நாசில்.

மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் தேக்காவில் வந்து கேட்டது இதுதான். அப்பாவுடைய டிராக்டரில் ஆயில் பிரஷர் விளக்கு எரிகிறதாம், புகை வேறு. "போர்தான்" என்று சொல்லிவிட்டார்கள். தம்பி கிளம்பும் முன், வீடியோவில் அப்பாவிடம் குச்சியை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஆயில் மேல் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே நின்றது. "ஐயா, கடைசியா எப்போ ஆயில் ஊத்தினீங்க?" என்று கேட்டேன். "ஊத்தவே இல்லையே தம்பி" என்றார். ஃபீட் பம்ப் மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. அந்தத் தம்பி ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருக்கிறது.

ஆயில் பால் போட்ட காபி மாதிரி இருக்கிறது, அல்லது தண்ணீர் குறைகிறது

தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட்டாக இருந்தால் பிழைத்தோம். ஹெட்டில் வெடிப்பு இருந்தால் ஹெட்டை மாற்றலாம். பிளாக்கில் வெடிப்பு என்றால் பேச்சே வேறு.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது. சைலன்சரில் வெள்ளைப்புகை வந்து, சூடான பிறகும் நிற்காமல், கூலன்ட்டின் இனிப்பு வாடை அடித்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் வருகிறது. வெள்ளைப்புகை கண்ணை எரித்தால் அது தண்ணீர் இல்லை, எரியாத டீசல். நாசில், டைமிங், கம்ப்ரஷன் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் நல்ல ஹெட்டைக் கழற்றியவர்கள் உண்டு.

வண்டி எப்போதாவது கொதித்ததா, கொதித்தபோது பச்சைத் தண்ணீர் ஊற்றினீர்களா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். கோபப்படாமல் கேட்டால் உண்மையைச் சொல்வார். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதில் வெடிப்பு விடும். ஹெட்டில் இரண்டு வால்வு சீட்டுக்கு நடுவே உள்ள மெல்லிய பாலத்தில்தான் முதலில் வெடிப்பு விடும். நம் வெயில் ஊர்களில் பிளாக் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொதிக்கிற வண்டியில் ரேடியேட்டருக்கு வெளியே அடைந்திருக்கும் புல்லையும் தூசியையும் பார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள். இங்கே புல்வெட்டும் டிராக்டர்களில் நான் பார்த்த கொதிப்புகளில் பெரும்பாலானவை அதோடு முடிந்துவிட்டன.

ஆயில் பிரஷர் இறங்குகிறது

டேஷ்போர்டு முள்ளை நம்ப வேண்டாம். தனி கேஜை மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு முழு வேகத்தில் பாருங்கள். பெர்கின்ஸ் 3.152-க்கு அந்த நிலையில் 30 பி.எஸ்.ஐ.யாவது இருக்க வேண்டும். குறைந்தால் ஆயில், ஃபில்டர், பிரஷர் வால்வு ஸ்பிரிங், சம்ப் வலை என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பிரஷர் ஏறவில்லை என்றால் மெயின் பேரிங், கன்ராடு பேரிங் தேய்ந்திருக்கிறது. கிராங்க்கை அளக்காமல் இனி முடிவெடுக்க முடியாது.

இதோடு சேர்த்து இன்னொன்றும் பாருங்கள், அரை நிமிட வேலை. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் கிளட்ச்சை மிதித்து மிதித்து விட, நீங்கள் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் நகர்ந்து, விட்டதும் பின்னால் போனால், கிராங்க்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் ஓட்டினால் வாஷர் கீழே விழுந்து கிராங்க் பிளாக்கையே அறுக்கும். சின்ன வாஷருக்காக ஒரு பிளாக்கை இழப்பது மனதுக்குக் கஷ்டமான விஷயம். கிளட்ச் மேல் எப்போதும் காலை வைத்தே ஓட்டுகிறவர் வண்டியில் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள்.

தட்டும் சத்தம்

சத்தம் நாசிலிலிருந்தா பேரிங்கிலிருந்தா என்று பிரிக்க, ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் கொஞ்சம் தளர்த்தி மூடுங்கள். ஒன்றைத் தளர்த்தும்போது சத்தம் சுத்தமாக நின்றால் அந்த நாசில்தான். நிற்காமல் மந்தமானால் அந்தச் சிலிண்டரின் பேரிங்கோ பிஸ்டன் பின்னோ. எதைத் தளர்த்தினாலும் மாறாவிட்டால் மெயின் பேரிங், டைமிங் கியர், ஃப்ளைவீல் போல்ட் என்று தேடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கசியும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி இல்லையே என்று விட்டுவிட்டால் விரலை எடுக்க வேண்டிய நிலை வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பேரிங் சத்தம் என்று தெரிந்தால் அந்த நிமிடமே இன்ஜினை நிறுத்துங்கள். "இந்த வயலை மட்டும் முடிச்சுட்டு" என்று ஓட்டினால் கன்ராடு பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதுவரை சரிசெய்யக்கூடியதாக இருந்த இன்ஜின் அத்தோடு பழைய இரும்பு.

கரும்புகையும் ஸ்டார்ட் ஆகாமையும்

கரும்புகைக்குக் காரணம் ஏர் கிளீனர், நாசில், பம்ப் செட்டிங், அதிகச் சுமை. போருக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் ஏர் பிடித்திருக்கிறதா என்று பார்த்து ஏர் எடுங்கள். சுற்றும் வேகத்தையும் பாருங்கள், பேட்டரி கேபிள் துரு பிடித்திருந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும், டீசல் பற்றாது. சிங்கப்பூர் ஈரத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் தண்ணீர் சேரும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே கறுப்பாகச் சளி மாதிரி ஒன்று வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். டேங்கை அடியிலிருந்து வடித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தால் தெரிந்துவிடும். இவ்வளவும் சரியாக இருந்து, இங்குள்ள வெயிலிலும் ஸ்டார்ட் ஆக மறுத்தால் கம்ப்ரஷன் எடுங்கள்.

திறந்த பிறகு

இத்தனைக்கும் பிறகு ரிங், பேரிங், தண்ணீர் என்று உள்ளே கை காட்டினால் ஹெட்டை இறக்கலாம். இதுவரை யாரிடமும் "போர்" என்றோ "வேறு இன்ஜின்" என்றோ சொல்லியிருக்கக் கூடாது. முதலாளியிடமும் நான் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று.

லைனரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, ரிங் திரும்பும் இடத்தில், விரல் நகத்தை வைத்து மேல்நோக்கி இழுங்கள். நகம் ஒரு படியில் தட்டி நின்றால் அதுவரை லைனர் தேய்ந்திருக்கிறது. பிறகு போர் கேஜால் மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளங்கள். 3.152 லைனரில் 0.2 மி.மீ. தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். வெறும் ரிங் மட்டும் போட்டு மூடிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தேய்ந்து முட்டை வடிவமான போரில் புது ரிங் உட்காராது, கொஞ்ச நாளில் பழையபடி புகையும்.

நம் 135-இல் நகம் நன்றாகவே தட்டியது. மூன்று லைனரிலும் தேய்மானம், இரண்டாவதில் அதிகம். சுவரில் நீளக் கோடுகள், மணல் உரசின மாதிரி. அதைப் பார்த்ததும் ஏர் கிளீனரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு வெடிப்பு, மேலே யாரோ கறுப்பு டேப் சுற்றியிருக்கிறார்கள், டேப் உரிந்து தொங்குகிறது. பண்ணைத் தூசி முழுக்க அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. அந்த ஹோஸை மாற்றாமல் புது லைனர் போட்டிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும். ஏன் தேய்ந்தது என்று தெரியாமல் எந்த இன்ஜினையும் மூடாதீர்கள், மாற்று இன்ஜினாக இருந்தாலும் இது பொருந்தும்.

கிராங்க்கை மைக்ரோமீட்டரில் அளந்தோம். இன்னும் ஸ்டாண்டர்டில்தான் இருந்தது, ஒரு முறைகூடச் சாணை பிடிக்கவில்லை. எனக்குப் பெரிய ஆறுதல் இதுதான். கிராங்க் தேய்ந்தால் 10, 20, 30 என்று, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் குறைத்துச் சாணை பிடித்து அதற்கேற்ற பேரிங் போடலாம். நம்முடையது 10-இல் சுத்தமாகிவிட்டது. ஏற்கெனவே 30-இல் இருக்கும் கிராங்க்கில் கோடு விழுந்திருந்தால் கிராங்க்கே வேறு வாங்க வேண்டும், அப்போது கணக்கு மாறும்.

பிளாக்கைக் கழுவி, லைனர் உட்காரும் இடம், மெயின் பேரிங் மேடு, ஹெட் போல்ட் துளைகள் எல்லாவற்றையும் டார்ச்சில் தேடினோம். சந்தேகமான இடங்களில் சாயம் தெளித்து வெடிப்புச் சோதனை செய்யும் பட்டறைகள் துவாஸ், ஜூரோங் பக்கம் இருக்கின்றன. கப்பல் வேலை செய்பவர்களுக்கு இது அன்றாட வேலை. பிளாக் நன்றாக இருந்தது. ஹெட்டில் வால்வு சீட் பாலத்தில் வெடிப்பு இல்லை, நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் வளைவும் இல்லை.

சில சின்ன ஜப்பான் டிராக்டர்களில் தனி லைனர் இருக்காது, பிளாக்கிலேயே போர் இருக்கும். அதைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். கடைசி ஓவர்சைஸையும் தாண்டிவிட்டதா, பிஸ்டன் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளாமல் பிளாக்கைப் பட்டறைக்குக் கொடுக்காதீர்கள்.

மாற்று இன்ஜின் எப்போது, எப்படி

பிளாக் வெடித்திருந்தாலோ, கன்ராடு வெளியே வந்திருந்தாலோ, கிராங்க்கும் பிளாக்கும் சேர்ந்து போயிருந்தாலோ, உதிரிபாகமே கிடைக்காத மாடலாக இருந்தாலோ மாற்றலாம். செலவைப் பொறுத்தவரை என் வழக்கம் இது. லைனர், பிஸ்டன், பேரிங், கேஸ்கெட், சாணைக்கூலி மட்டும் இல்லாமல் பம்ப் சர்வீஸ், நாசில், வாட்டர் பம்ப், கிளட்ச், பின் சீல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுவேன். அந்தத் தொகை நல்ல மாற்று இன்ஜின் விலையில் முக்கால் பங்குக்குள் இருந்தால் பழையதையே போர் செய்வேன். காரணம், என் கையால் அளந்த கிராங்க் எது என்று எனக்குத் தெரியும். அடுத்தவன் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

முதலாளி பார்த்து வைத்திருந்த இன்ஜினைப் போய்ப் பார்த்தோம். அதே 3.152 குடும்பம், ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறக்கியது. ஓட்டியும் காட்டினார்கள், நன்றாகவே ஓடியது. குனிந்து அடியைப் பார்த்தேன். சம்ப் தகரம்.

இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லாரியில் சேசிஸ் தனி, இன்ஜின் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். டிராக்டரில் இன்ஜினே சேசிஸ். முன் ஆக்சிலின் பாரம் இன்ஜின் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதனால்தான் 135-இல் சம்ப் கனமான வார்ப்பிரும்பில் இருக்கிறது. தகர சம்ப் இன்ஜினை அப்படியே நடுவில் மாட்ட முடியாது. நம் வார்ப்புச் சம்ப், ஆயில் பம்ப், வலை, ஃப்ளைவீல், பின் தட்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அப்புறம் டீசல் பம்ப்பில் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் வேறு வேகத்துக்கு வைத்ததாக இருக்கும். ஜெனரேட்டர் இன்ஜினாக இருந்தால் ஒரே வேகத்துக்கு வைத்ததாக இருக்கும், வயலில் அதை வைத்து வேலை செய்ய முடியாது. இத்தனையும் மாற்ற இன்ஜினைத் திறக்கத்தான் வேண்டும் என்றால் நம் இன்ஜினையே திறந்தபடி முடித்துவிடலாமே. முதலாளிக்கு இதைச் சம்ப்பைத் தொட்டுக் காட்டி விளக்கியதும் புரிந்துகொண்டார்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் ஆர்டர் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். 2012 ஜூலை 1 முதல், சாலைக்கு வெளியே ஓடும் வண்டிகளுக்கும் கருவிகளுக்கும் சிங்கப்பூரில் பயன்படுத்த இறக்குமதியாகும் டீசல் இன்ஜின்கள் ஐரோப்பாவின் இரண்டாம் கட்டம், அமெரிக்காவின் இரண்டாம் நிலை, ஜப்பானின் முதல் நிலை ஆகியவற்றில் ஒரு புகை விதிக்காவது உட்பட்டிருக்க வேண்டும். 1960-களின் வடிவமைப்பில் உள்ள இன்ஜின் அதில் தேறாது. தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேட்டுக்கொண்டு பணம் கட்டுங்கள். பழைய ஆயிலையும் உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும், சாக்கடையில் ஊற்றக் கூடாது.

பழைய இன்ஜின் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் குளிர்ந்த இன்ஜினாகப் பாருங்கள். போகும்போதே அது சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் சொல்லாமல் போங்கள். கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்து, ஸ்டார்ட் செய்து, அதே மூடிச் சோதனை, அதே பிரஷர் கேஜ்.

ஊர் வண்டிக்கு இன்னும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பழைய மாஸியை வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகக் கவலை குறைவு. டாஃபே 1960-இல் சென்னையில் தொடங்கியதிலிருந்து மாஸி வண்டிகள் அங்கே ஓடுகின்றன, பெர்கின்ஸ் உரிமத்தில் இந்தக் குடும்ப இன்ஜின்களைச் சென்னை சிம்சன் தயாரித்தது. லைனர் செட்டுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் போர் அளவும் பாக எண்ணும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தே வாங்கச் சொல்லுங்கள். டெல்டாவில் என்றால் காலமும் முக்கியம். மேட்டூர் திறப்பது ஜூன் 12 என்று வைத்துக்கொண்டால், இன்ஜினை ஏப்ரலிலேயே இறக்கிவிட வேண்டும். குறுவை உழவு நேரத்தில் பட்டறைகளில் வரிசை நிற்கும், அவசரத்தில் சாணை பிடித்த கிராங்க் சரியாக வராது. கியர்பாக்ஸும் ஹைட்ராலிக்கும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் அனுப்புங்கள். பின்பாதி செத்துப்போன வண்டிக்குப் புது இன்ஜின் போட்டு என்ன பயன்?

வண்டியை இரண்டாகப் பிரிக்கும்போது முன் ஆக்சிலுக்கும் மேல் தாங்கிக்கும் இடையே இரண்டு பக்கமும் மரக்கட்டை ஆப்பு அடித்துவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். முன் ஆக்சில் நடுவில் ஒரே பின்னில் ஆடுவது. ஆப்பு இல்லாவிட்டால் முன்பாதி அப்படியே பக்கவாட்டில் சாயும், கீழே ஆள் இருப்பார்.

போர் முடிந்த பிறகு

லிம் சூ காங் வண்டியை மூன்று வாரத்தில் மூடினோம். புது லைனர், பிஸ்டன், ரிங், 10 அளவு பேரிங், பின் சீல், கிளட்ச் தட்டு, புது ஏர் ஹோஸ். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 0.30 மி.மீ. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவிட்டு, பிரஷர் கேஜ் முள் எழும் வரை ஸ்டார்ட்டரில் விட்டுவிட்டுச் சுற்றினோம்.

புது ரிங் போட்ட வண்டியை மணிக்கணக்கில் ஐடிலில் விட்டுப் "பழக்குவது" தவறு. சுமை இல்லாமல் ஓடினால் ரிங் சுவரில் அழுந்தாது, லைனர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். நடுத்தரச் சுமையில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வேலை வாங்க வேண்டும். முழுச் சுமையும் கொடுக்கக் கூடாது. தம்பியிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன், லேசான மண்ணில் ரோட்டவேட்டர் போடுங்கள், நிறுத்தி வைத்து உறுமவிட வேண்டாம் என்று. 50 மணி நேரம் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வு இடைவெளியை மறுபடி பார்த்தோம்.

அன்று தம்பியே மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தார். இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது, மூடி வைத்த இடத்திலேயே கிடந்தது. ஏர் கிளீனர் கிண்ணத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று சிவப்பு பெயின்ட்டில் ஒரு குறி போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.